இரண்டு துண்டு பச்சை வயர்

அக்டோபர் 9, திங்கள்

சோறு குழைந்துவிட்டது. தின்றேன்.

மாலையில் ஆசிரியர் கூட்டம். நவம்பர் மூன்றாம் தேதி பள்ளியில் அறிவியல் கண்காட்சியாம். ஒரு விஞ்ஞானி, அவருடைய ஒரு கண்டுபிடிப்பு, அதனால் தீர்ந்த ஒரு பிரச்சினை. தலைமையாசிரியை பெனடிக்டா மிஸ் வகுப்புக்கு ஒரு பெயராகப் பங்கிட்டார். என்னுடையது பதினொன்றாம் வகுப்பு மின்னியல் தொழிற்பிரிவு, இருபத்தொரு பெண்பிள்ளைகள். எங்களுக்கு எடிசன்.

"எடிசன் வேண்டாம் மிஸ். டால்சியல் எடுத்துக்கிடுதேன்."

"யாரு?"

"சார்லஸ் டால்சியல். அமெரிக்காவுல இன்ஜினியரிங் வாத்தியாரு. டிரிப்பரை உண்டாக்குன ஆள்கள்ல ஒருத்தரு."

விடுதிக் காப்பாளர் குளோரி மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மழை பெஞ்சா கரண்டை நிப்பாட்டுற சனியன்லா அது? அதையுமா ஒருத்தன் கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சான்?"

எல்லாரும் சிரித்தார்கள். பெனடிக்டா மிஸ் மட்டும் கொஞ்சம் பொறுமையாக, "தனிஸ் சார், பார்க்க வாரவங்களுக்குத் தெரிஞ்ச பேரா இருந்தா நல்லது" என்றார்.

"தெரியாததுனாலதான் மிஸ் கேக்கேன்."

ஜூன் மாதம் தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கூட்டத்தில் நான் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 11, புதன்

டிரிப்பர் என்ன செய்கிறது என்று பாடம். வீட்டுக்குள் போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் நடுவில் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அந்தக் கசிவு ஒரு மனித உடம்பு வழியாகவும் இருக்கலாம். வித்தியாசம் முப்பது மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் டிரிப்பர் அறுத்துவிடும். ஒரு நொடியில் சின்னப் பங்குதான் ஆகும்.

பாதிப் பேருக்குப் புரியவில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் முத்துக்கனி எழுந்தாள். விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளை, வாய் ஜாஸ்தி.

"சார், ஞாயித்துக்கிழமை எங்கள கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. குளோரி மிஸ் கேட்ல நின்னு எண்ணுவாங்க. போறப்ப அறுவத்திநாலு. வாரப்ப அறுவத்திமூணுன்னா கேட்டை இழுத்துப் பூட்டிட்டு விசில் அடிப்பாங்க. அதான சார் டிரிப்பர்?"

"அதான்."

"அப்ப குளோரி மிஸ்ஸ கண்டுபிடிச்சது யாரு சார்?"

வகுப்பே குலுங்கியது. நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை. ஆனால் உதாரணம் நான் சொன்னதைவிட நன்றாக இருந்தது. பலகையில் 64, 63 என்று எழுதினேன்.

அக்டோபர் 13, வெள்ளி

வீட்டுப்பாடம் கொடுத்தேன். டிரிப்பரில் T என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். பெரியவர்களிடம் சொல்லிவிட்டு அதை அமுக்க வேண்டும். வீட்டில் கரண்டு போகிறதா இல்லையா என்று திங்கள்கிழமை வந்து சொல்ல வேண்டும். பெட்டியைத் திறக்கக் கூடாது.

அக்டோபர் 14, சனி

மாமி வந்தார். சனிக்கிழமைதோறும் கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, தூக்குச்சட்டியில் மீன்குழம்போடு நேராக இங்கே வருவார். என் கையால் பொங்கித் தின்றால் செத்துவிடுவேன் என்று பயம்.

"சாலமீனு மருமவனே. முள்ளு பாத்துத் தின்னும்."

நான் தின்கிறவரை எதிரே உட்கார்ந்திருந்தார். மாமியின் மகள், என் மனைவி ரெனிட்டா போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. கல்யாணத்துக்கு மாமி சீராகக் கொடுத்த கிரைண்டரில் மாவாட்டும்போது ஷாக்கடித்துப் போனாள்.

"அந்தப் பிசாசு இன்னும் பின்னாலதான் கெடக்கா?"

"சாக்குப் போட்டு மூடி வச்சிருக்கேன் மாமி."

"ஆயிரம் ரூவா கொறையுதுன்னு அந்தக் கடையில வாங்குனேன் பாத்துக்கிடும். அவ அப்பாவே சொன்னாவ, நல்லதா வாங்கு செபஸ்தின்னு. நான்தான் கேக்கல."

நான் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினேன்.

"புதுச் சாமியாரு கேக்காரு, ஏம்மா வாரா வாரம் வாரியே, இந்த வயசுல சொல்றதுக்கு அப்படி என்ன பாவம் இருக்குன்னு."

"என்ன சொன்னீங்க?"

"அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது."

தூக்குச்சட்டியைக் கழுவிக் கொடுத்தேன்.

அக்டோபர் 16, திங்கள்

இருபத்தொரு பேரும் செய்திருக்கிறார்கள். ஆறு வீட்டில் டிரிப்பரே இல்லை. எட்டு வீட்டில் அமுக்கியதும் கரண்டு போனது. ஒருத்தியின் அப்பா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாராம், அடி விழுந்ததாம். மீதி ஏழு பேருக்குப் பொத்தானை அமுக்கியும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

ஏழாவது முத்துக்கனி.

"விடுதிப் பின்கட்டுப் பெட்டி சார். பாத்ரூம், துணி தொவைக்கிற எடம், சமையக்கட்டு, குளோரி மிஸ் ரூம், எல்லாம் அதுலதான். டொக்குனு சத்தம் கேட்டுச்சு. லைட்டு ஜம்முனு எரியுது."

எழுதிக்கொண்டேன்.

"ஒங்க வீட்ல சார்?"

"வேலை செய்யுது."

பொய் இல்லை. இப்போது வேலை செய்கிறது.

அக்டோபர் 17, செவ்வாய்

பள்ளி விட்டதும் பெட்டியைத் திறந்தேன். டிரிப்பருக்கு மேலே வருகிற இரண்டு முனைகளையும் கீழே போகிற இரண்டு முனைகளையும் இரண்டு துண்டு வயரால் நேராக இணைத்திருக்கிறது. எங்கள் தொழிலில் இதற்கு டைரக்ட் கொடுப்பது என்று பெயர். டிரிப்பர் தட்டினாலும் கரண்டு இந்த வயர் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். பச்சை வயர். பச்சை எர்த்துக்கு உள்ளது, கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறான். டேப்பை இடமிருந்து வலமாகச் சுற்றி, கடைசியில் ஒரு சின்ன வால் விட்டிருக்கிறான், மறுநாள் உரிக்க வசதியாக.

வால் விடுவது நான்தான். இந்த ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை.

இரண்டு மழைக்கு முன்னால் இங்கே ஒரு வேலைக்கு வந்தேன். உப்புக் கம்பெனியில் இருந்தபோது, ஷிப்ட் முடிந்து வெளிவேலைகள் செய்த காலம். மழை வந்துவிட்டால் தனிஸைக் கூப்பிடு, டிரிப் ஆகாமல் பண்ணித் தருவான் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. எல்லா இடத்திலும் ஒரு நாளைக்கு மட்டும்தான் என்று சொல்லித்தான் போட்டேன். எல்லா இடத்திலும் வால் விட்டேன். எங்கேயும் மறுநாள் போய் உரித்ததில்லை.

அக்டோபர் 18, புதன்

பெனடிக்டா மிஸ்ஸிடம் சொன்னேன். கழற்றினால் டிரிப்பர் தட்டிக்கொண்டே இருக்கும், கசிவு எங்கே என்று தேட இரண்டு நாள் ஆகும் என்றும் சொன்னேன்.

"யாரு போட்ட டைரக்ட் அது?"

"நான்தான் மிஸ்."

"பாருங்க. நீங்க போட்டு ரெண்டு வருசமா ஒரு கொறையும் இல்ல. இப்ப மழை தொடங்குது, கண்காட்சி வருது, கல்வி அதிகாரிங்க விடுதியையும் பாப்பாங்க. எல்லாம் முடியட்டும், டிசம்பர் லீவுல பாப்போம்."

"அறுவத்திநாலு பிள்ளைங்க மிஸ்."

"எனக்கு எண்ணத் தெரியும் சார்."

அக்டோபர் 21, சனி

மழை. மாமி நனைந்துகொண்டு வந்தார். நெத்திலி.

அக்டோபர் 23, திங்கள்

நினைவில் இருக்கிற வீடுகளை எழுதிப் பார்த்தேன். முப்பத்தெட்டு வந்தது. அப்புறம் இன்னும் ஐந்து.

அக்டோபர் 25, புதன்

டால்சியல் செய்த ஆராய்ச்சியைப் பற்றிப் பாடம். எத்தனை மின்சாரம் மனிதனைக் கொல்லும் என்று அந்தக் காலத்தில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர் தாமாக முன்வந்த ஆட்களின் கையில் கம்பியைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தார். பிடித்த கம்பியை எதுவரை விட முடிகிறது, எதற்கு மேல் முடியவில்லை? ஆண்களுக்குச் சராசரி பதினாறு மில்லி ஆம்பியர். பெண்களுக்குப் பத்தரை.

இருபத்தொரு பேரையும் வலது கையை இறுக மூடச் சொன்னேன். "இப்ப மூளை விடுன்னு சொல்லுது. கை கேக்காது. ஏன்னா கைக்கு உத்தரவு போடுறது இப்ப மூளை இல்ல, கரண்டு."

கொஞ்ச நேரம் யாரும் கையைத் திறக்கவில்லை.

"பத்தரைங்கறது ரொம்பக் கம்மியா சார்?"

"ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு இதவிடக் கூட இழுக்கும்."

"பக்கத்துல நிக்கிறவங்க பிடிச்சு இழுத்துட்டா?"

"தொடக் கூடாது. இழுக்கிறவங்களையும் பிடிச்சுக்கிடும். மெயினை அணைக்கணும்."

"வீட்ல ஒத்தையில இருந்தா?" இது முத்துக்கனி.

மணி அடித்தது. உண்மையிலேயே அடித்தது.

அக்டோபர் 27, வெள்ளி

பிள்ளைகள் வரைந்த அட்டைகளைத் திருத்தினேன். கடைசி அட்டையில் முத்துக்கனி எழுதியிருந்தாள்: 'டால்சியலின் கண்டுபிடிப்பு வேலை செய்யாததால் யாரும் சாகவில்லை. அதை வேலை செய்ய விடாததால்தான் சாகிறார்கள்.' பிழை இல்லை. அப்படியே விட்டேன்.

கீழே பென்சிலால் சின்னதாக ஒன்று: 'சார், எங்க விடுதியில் எப்ப சார் சரி பண்ணுவீங்க?'

அக்டோபர் 30, திங்கள்

காலையில் முதல் வேலையாக மெயினை அணைத்துவிட்டு டைரக்டைக் கழற்றினேன். யாரையும் கேட்கவில்லை. இரண்டு வாலும் பிடித்து இழுத்ததும் சுலபமாக உரிந்து வந்தன. போட்டபோது நினைத்தது போலவே.

மெயினைப் போட்டேன். டிரிப்பர் உடனே தட்டியது. மறுபடி ஏற்றினேன், மறுபடி தட்டியது. பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பத்து மணிக்குள் பின்கட்டு முழுக்க ரகளை. சமையலறையில் மிக்சி ஓடவில்லை. தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. குளோரி மிஸ் குடையோடு வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார்.

"சாவியக் குடுங்க."

"முடியாது மிஸ்."

"ஒம்ம பள்ளிக்கூடமா இது?"

"வயரு என்னுது மிஸ்."

பெனடிக்டா மிஸ் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. "அதிகாரிங்க வார நேரத்துல விடுதியில இருட்டா? திரும்பப் போட்டுருங்க சார். கண்காட்சி முடியுற வரைக்கும். சரி, அதுவும் வேண்டாம். இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் போடுங்க, நாளைக்கு என்னமும் செய்யுங்க."

அந்த வார்த்தையை இவ்வளவு நாளும் நான்தான் சொல்லியிருக்கிறேன். அடுத்தவர் வாயிலிருந்து கேட்டது இது இரண்டாம் தடவை. முதல் தடவை கேட்டது என் வீட்டில்.

"போட மாட்டேன் மிஸ்."

"நீங்க தற்காலிகம்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"வேற ஆள வச்சுப் போட்டுக்கிடுவேன்."

"வேற ஆளு போட்டா அவர் பேரை எழுதி, பெட்டி மேல ஒட்டி வைப்பேன். பிள்ளைங்க எல்லாரும் படிக்கட்டும்."

அவர் நாளை சாயங்காலம் வரை நேரம் கொடுத்தார். அதற்குள் கசிவைக் கண்டுபிடிக்காவிட்டால் சாவியையும் வைத்துவிட்டு, வேலையையும் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

அக்டோபர் 31, செவ்வாய்

காலையில் மோட்டார், சமையலறை, குளியலறை விளக்குகள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். மதியத்துக்குள் என் மூளை கட்டையாகிவிட்டது. முதல் இரண்டு பீரியடுக்கும் நான் வகுப்புக்குப் போகாததால் பிள்ளைகள் தேடி வந்துவிட்டார்கள்.

"ஏட்டி, குளோரி மிஸ் எப்படி எண்ணுவாங்க? ரூம் ரூமாத்தான?" என்றாள் முத்துக்கனி. "எல்லாத்தையும் பிளக்குலேருந்து புடுங்கிருவோம். ஒண்ணொண்ணா உள்ள விடுவோம். யாரு வந்ததும் தட்டுதோ அவதான் சுவரேறுனவ."

நான் பெட்டியருகே நின்றேன். பிள்ளைகள் அறைக்கு ஒருத்தியாக நின்று, "மிக்சி போட்டாச்சு", "பிரிட்ஜ் போட்டாச்சு" என்று கத்தினார்கள். டிரிப்பர் அசையவில்லை. கடைசியாகக் காப்பாளர் அறை. குளோரி மிஸ் வாசலில் குறுக்கே நின்றார்.

"எங்க ரூம்ல ஒண்ணுமில்ல. ஃபேனும் லைட்டும்தான்."

"கட்டிலுக்கடியில ஒரு வாளி இருக்கே மிஸ்" என்றாள் முத்துக்கனி.

வாளிக்குள் வெந்நீர் போடும் கம்பி; எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னபோதுதான் சுவரிலிருந்து கழற்றியிருக்கிறார். விடுதியில் வைத்துக்கொள்ளக் கூடாதென்று அவரே பிள்ளைகளிடமிருந்து பிடுங்கியது. சுவரில் செருகியதும் டொக். எடுத்தோம், ஏற்றினோம், நின்றது. செருகினோம். டொக்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பாவமாக இருந்தது. குளோரி மிஸ் கம்பியைப் பார்த்தபடியே நின்றார். "ரெண்டு வருசமா தெனம் காலையில அதுலதான் வெந்நி வைக்கேன். வாளியத் தொட்டா விரல்ல சுள்ளுனு இருக்கும். வயசாவுதுல்லா, நரம்புத் தளர்ச்சின்னு நெனச்சேன் சார்."

கம்பியை அவரே இரண்டாக மடக்கி வளைத்தார்.

நவம்பர் 1, புதன்

பின்கட்டில் டிரிப்பர் தட்டாமல் நிற்கிறது. மழையிலும் நிற்கிறது. பெனடிக்டா மிஸ் நல்லது என்றார். கண்காட்சி முடிந்ததும் என்னைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். சரி என்றேன்.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். மாமி ரெனிட்டாவின் கல்லறையைத் துடைத்துப் பூ வைத்தார். மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை. ஏழு தடவை பற்ற வைத்தார்.

"பள்ளிக்கூடத்துல என்னமோ வெளிச்சம் போட்டுக் காட்டுதியளாமே. ஊரே பேசுது. நாளைக்கு நானும் வாரேன்."

"மழையா இருக்கும் மாமி. வேண்டாம்."

"அவ இருந்தா வந்திருப்பாள்லா."

நவம்பர் 3, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

எங்கள் மேசையில் ஒரு டிரிப்பர், ஒரு பல்பு, ஆளுக்குப் பதிலாக ஒரு சின்ன மின்தடை. கசிவு உண்டாக்கினால் டொக் என்று அணையும். டைரக்ட் கொடுத்தால் அணையாது. பக்கத்தில் ஒரு தட்டில் விடுதியிலிருந்து கழற்றிய இரண்டு துண்டு பச்சை வயர். கூட்டம் இருந்தது. அதிகாரி பொத்தானை நாலு தடவை அமுக்கினார்.

பதினொரு மணிக்கு மாமி வந்தார். வெள்ளைச் சேலை, கையில் தூக்குச்சட்டி. முத்துக்கனிக்கு அவர் யாரென்று தெரியாது. எல்லாருக்கும் சொன்னதையே மூச்சுவிடாமல் சொன்னாள். "மிக்சியோ கிரைண்டரோ எதுல கசிஞ்சாலும் சரி பாட்டி, இது இருந்தா ஆளு பொழைச்சுக்கிடும். கிரைண்டரு மோசமா இருந்தாக்கூட."

மாமி பல்பைப் பார்த்தார். மறுபடி செய்து காட்டச் சொன்னார். அவள் செய்தாள். டொக்.

"எம் பிள்ள வீட்லயும் இது இருந்துச்சேம்மா. மருமவன்தான் மாட்டுனாவ. அப்ப ஏன் தட்டல?"

முத்துக்கனி யோசிக்கவேயில்லை. தட்டிலிருந்த வயரை எடுத்துக் காட்டினாள். "யாராவது இதப் போட்டிருப்பாங்க பாட்டி."

நான் அந்த இடத்தை விட்டுப் போயிருக்கலாம். அதிகாரிக்கு டீ வாங்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் மாமி போட்டேன்."

அவள் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மூன்று தடவை தட்டியது. மூன்று தடவையும் கிரைண்டரைப் போட்டபோதுதான் தட்டியது. டிரிப்பர் எனக்குச் சொன்னது. எனக்குப் புரியவும் செய்தது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. காலையில மாவாட்டணும், ஒரு நாளைக்கு மட்டும் டைரக்ட் குடுத்துட்டுப் போங்க, வந்து பாருங்க என்றாள் ரெனிட்டா. அவளுக்கு அது என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும். போட்டேன். வால் விட்டேன். மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, போலீஸ் வருவதற்கு முன்னால், உரித்து எடுத்துவிட்டேன். நான் மறுநாள் போய் உரித்த ஒரே வீடு என் வீடுதான்.

இவ்வளவையும் மேசைக்கு முன்னால் நின்று சொன்னேன். குளோரி மிஸ், பிள்ளைகள், அதிகாரி எல்லாரும் இருந்தார்கள். இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

மாமி தூக்குச்சட்டியை மேசையில் வைத்தார்.

"ஒரு வருசம். சனிக்கெழம சனிக்கெழம போயி முட்டுப் போட்டு, ஆயிரம் ரூவாய்க்கு ஆசப்பட்டு எம் மவளக் கொன்னுட்டேன் சாமின்னு சொல்லுதேன். அந்த ஆளு இது பாவம் இல்லம்மா, இது பாவம் இல்லம்மான்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிட்டாரு. அங்கேருந்து நேரா ஒனக்குக் கொழம்பு கொண்டு வாரேன். நீ முள்ளு எடுத்துத் தின்னுக்கிட்டு இருக்க."

மூன்று வருடத்தில் என்னை அவர் நீ என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

போய்விட்டார். தூக்குச்சட்டி மேசையிலேயே இருந்தது. அப்புறம் வந்தவர்கள் அதுவும் கண்காட்சியில் சேர்ந்தது என்று நினைத்து, இது என்ன என்று கேட்டார்கள்.

மாலையில் பெனடிக்டா மிஸ் கூப்பிட்டு, திங்கள்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். குரல் கடுமையாக இல்லை. கையில் சாவியைக் கொடுத்தேன். பெட்டி மேல் ஒட்டிய தாளைக் கிழிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டேன். அதில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'மாதம் ஒரு முறை பொத்தானை அமுக்கவும். விளக்கு அணையாவிட்டால் யாரையும் கேட்காமல் மெயினை அணைக்கவும்.'

கிழிக்க மாட்டேன் என்றார்.

நவம்பர் 4, சனி

ஓராண்டுத் திருப்பலி காலை ஆறு மணிக்கு. நான் கடைசி வரிசையில் நின்றேன். மாமி திரும்பிப் பார்க்கவில்லை. பூசை முடிந்து பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றபோது அவர் அதைத் தாண்டி வெளியே நடந்தார். வாசலில் என்னருகே வந்ததும் நின்றார்.

"இனிமே நான் போகல. நீ போயி நில்லு."

நான் போய் நிற்கவில்லை. சாமியார் எனக்கும் ஏதாவது ஜெபம் சொல்லி அனுப்பிவிடுவார். அவ்வளவு மலிவாக எனக்கு வேண்டாம்.

வீட்டுக்கு வந்து டெஸ்டர், கட்டிங் பிளேயர், டேப், பட்டியல் எல்லாவற்றையும் பையில் போட்டேன். நாற்பத்து மூன்று வீடு. விடுதி முடிந்துவிட்டது, என் வீடு முடிந்துவிட்டது. மிச்சம் நாற்பத்தொன்று. சிலர் திறக்க மாட்டார்கள். தட்டிக்கொண்டே இருக்குமே என்று திட்டுவார்கள். தட்டட்டும். ஒவ்வொரு வீட்டிலும் என் மனைவி எப்படிச் செத்தாள் என்று சொல்வேன், திறக்கும் வரை சொல்வேன்.

பட்டியலில் முதலில் எழுதியது மாமி வீடு. கல்யாணமான முதல் மழையில், புது மருமகனாகக் கெத்துக் காட்டப் போட்டது.

தூக்குச்சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் தட்டினேன். ரொம்ப நேரம் கழித்துத் திறந்தார். என்னையும் பார்த்தார், பையையும் பார்த்தார்.

"இங்கயுமா போட்டிருக்க?"

"ஆமா."

தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவை முழுதாகத் திறந்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் பெட்டிக்கு நேர் கீழே போட்டார். நான் ஏறி முடித்து இறங்கும் வரை அணைத்த மெயின் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.